லேன் கார்டு மேல் பழி போடும் முன்

சென்ற இதழில் பழைய ரவுட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு லேன் கார்டைப் பிடித்துக்கொண்டன. முப்பது வருடம் கேபிள் இழுத்து, கார்டு மாட்டி, முட்டி தேய மேசைக்கடியில் தவழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தோஷம்தான். இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: "கணினியை நெட்வொர்க்குடன் இணைக்கும் சாதனம்" என்று பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கேபிளும்தான் இணைக்கிறது. அப்படியானால் கார்டு தனியாக என்னதான் செய்கிறது ஐயா? (கல்லூரி முதலாண்டு மாணவர்)

பதில்: தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கேபிள் வெறும் செம்புக் கம்பி. அதற்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கணினிக்குள் தகவல் நினைவகத்தில் பைட்டுகளாக இருக்கிறது. கம்பியில் ஓடுவதோ மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம். இந்த இரண்டு உலகத்துக்கும் ஒன்றையொன்று தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தது நடுவில் நிற்கிற கார்டு மட்டும்தான்.

அனுப்புகிற பக்கத்தை முதலில் பார்ப்போம். இயங்குதளம் அனுப்ப வேண்டியதை நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்து, போகவேண்டிய முகவரியையும் தன் முகவரியையும் அதன் தலையில் எழுதிவிடும். பிறகு "இந்த இடத்தில் இருக்கிறது, இத்தனை பைட்" என்று கார்டுக்கு ஒரு குறிப்பு. அவ்வளவுதான், பிராசசர் வேறு வேலைக்குப் போய்விடும். கார்டு தானாகவே நினைவகத்துக்குள் கைவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். எடுத்த துண்டுக்கு முன்னால் 8 பைட் சேர்க்கும். அதில் தகவல் எதுவும் கிடையாது. எதிர்முனையில் இருக்கிற கார்டு தாளத்தைப் பிடித்துக்கொள்வதற்கான தட்டு அது. வாலில் 4 பைட் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்குப் போட்டு ஒட்டும். இப்படித் தலையும் வாலும் வைத்த துண்டுக்கு ஃப்ரேம் என்று பெயர். சாதாரணமாக ஒரு ஃப்ரேமில் அதிகபட்சம் 1500 பைட் சரக்கு போகும். 46 பைட்டுக்குக் குறைந்தால் காலி பைட்டுகளை வைத்து நிரப்பிவிடுவார்கள்.

வாங்குகிற பக்கம்தான் எனக்குப் பிடித்தது. புத்தகங்கள் அதை "பெறுகிறது" என்று ஒரு சொல்லில் கடந்துவிடும். நான் சொல்வது, கார்டின் பாதி வேலை பெறாமல் இருப்பது.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியர் பெயரைக் கூப்பிடுகிறார். நாற்பது பேர் காதிலும் விழுகிறது, ஒருவர் மட்டும் "உள்ளேன் ஐயா" என்கிறார். மற்ற முப்பத்தொன்பது பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கார்டும் அப்படித்தான். வருகிற ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்தத் தாளத் தட்டு முடிந்ததும் வரும் முதல் 6 பைட்டை, அதாவது போகவேண்டிய முகவரியைப் பார்க்கும். தன் முகவரியா? எல்லோருக்குமான பொது அறிவிப்பா? தான் சேர்ந்திருக்கிற குழுவுக்கானதா? மூன்றும் இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடும். பிராசசருக்கு அப்படியொன்று வந்து போனதே தெரியாது.

தன் பெயருக்கு வந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காது. வாலில் இருக்கும் அந்த 4 பைட் எண்ணைத் தானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கும். வழியில் ஒரே ஒரு பிட் பிசகியிருந்தாலும் விடை ஒத்துவராது, குப்பைக்குப் போகும். அனுப்பியவருக்கு "உன்னுடையது கெட்டுப்போய் வந்தது" என்று தகவல்கூடச் சொல்லாது. மேல்தளத்தில் இருக்கும் டிசிபி என்கிற விதிமுறை, பதில் வரவில்லையே என்று கவனித்து மறுபடி அனுப்பிக்கொள்ளும். புகார் சொல்லாமல், வந்ததைச் சோதித்து, நல்லதை மட்டும் உள்ளே விடுகிற இந்தக் குணம் மனிதர்களிடம்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

தேறிய ஃப்ரேமை நினைவகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிராசசரின் தோளைத் தட்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜிகாபிட், அதாவது நொடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகத்தில் முழு அளவு ஃப்ரேம்கள் அடுத்தடுத்து வந்தால் நொடிக்குச் சுமார் 81,000 ஆகும். ஒவ்வொன்றுக்கும் தோளைத் தட்டினால் பிராசசர் வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது. அதனால் இன்றைய கார்டுகள் ஒரு கொத்து சேர்ந்த பிறகுதான் தட்டும். பெரிய துண்டைச் சின்னச் சின்ன ஃப்ரேம்களாக வெட்டுவது, சரிபார்ப்புக் கணக்குகள் என்று பிராசசர் செய்யவேண்டிய சில வேலைகளையும் அதுவே இழுத்துப் போட்டுக்கொள்கிறது.

தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ள ஒரு வரியை எழுதுங்கள். மதிப்பெண் அதற்குத்தான்.

கேள்வி: கணினியைத் திறந்து பார்த்தேன். கார்டு என்று எதுவுமே மாட்டப்படவில்லை. ஆனால் லேன் கேபிள் செருகும் துளை இருக்கிறது. கார்டு எங்கே? (ஒரு வாசகி)

பதில்: மதர்போர்டிலேயே இருக்கிறது. துளைக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரச் சிப் தெரியும், அதுதான். ஒரு காலத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தனிப் பலகையாக இருந்து, ஸ்லாட்டில் குத்தி, ஸ்க்ரூ வைத்து முறுக்கியது. பலகை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தனிக் கார்டு இன்றும் கிடைக்கிறது. சர்வர்களுக்கும், பத்து ஜிகாபிட் போன்ற வேகங்களுக்கும், மதர்போர்டில் இருந்தது கருகிவிட்டவர்களுக்கும்.

மெல்லிய லேப்டாப்களில் அந்தத் துளையும் போய்விட்டது. யூஎஸ்பி அடாப்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். பெட்டியில் "ஜிகாபிட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும், உள்ளே யூஎஸ்பி 2.0 ஆக இருக்கும். அதன் உச்சவரம்பே 480 மெகாபிட். வாசல் எவ்வளவு அகலமாக இருந்தென்ன, உள்ளே சந்து.

கேள்வி: ஜிகாபிட் கார்டு. கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியும் ஜிகாபிட் ஸ்விட்ச்தான். ஆனால் கணினியில் 100 மெகாபிட் என்றுதான் காட்டுகிறது. பார்க்க வந்தவர் "கார்டு போச்சு, மாற்றணும்" என்கிறார். மாற்றட்டுமா? (சிறு அலுவலகம் நடத்துபவர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கார்டுக்காக நான் வாதாடுகிறேன்.

லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் எட்டுக் கம்பிகள் இருக்கும், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். செருகியில் 1, 2, 3, 6 என்ற எண்களில் இருக்கிற கம்பிகள் அவை. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் 250 மெகாபிட், நான்கும் சேர்ந்து ஆயிரம். அதுவும் ஒரே ஜோடியில் ஒரே நேரத்தில் போவதும் வருவதும் நடக்கிறது. தான் பேசிக்கொண்டே எதிராளி பேசுவதையும் கேட்பதற்காக, கம்பியில் கேட்கிற மொத்தச் சத்தத்திலிருந்து தன் குரலைக் கழித்துக்கொண்டே இருக்கும் கார்டு. நொடிக்குப் பன்னிரண்டரைக் கோடி முறை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வாய் பிளக்கிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். கேபிளைச் செருகியதும் இரண்டு முனைகளும் "உனக்கு எவ்வளவு முடியும், எனக்கு எவ்வளவு முடியும்" என்று பேசிக்கொள்ளும். இந்தப் பேச்சு முதல் இரண்டு ஜோடிகளிலேயே நடந்துவிடும். இருவரும் ஜிகாபிட் என்று ஒத்துக்கொள்வார்கள். அப்புறம் ஓட ஆரம்பித்தால் 4, 5, 7, 8 இவற்றில் ஏதோ ஒரு கம்பி உடைந்திருக்கும், அல்லது செருகிக்குள் சரியாக உட்காராமல் இருக்கும். ஒன்றிரண்டு தடவை முயன்றுவிட்டு, பல கார்டுகள் "சரி, நூறிலாவது ஓடுவோம்" என்று இறங்கிவிடும். ஆக, நீங்கள் பார்க்கிற நூறு கார்டு செத்ததற்கு அடையாளமே கிடையாது. நொண்டிக் கேபிளை வைத்துக்கொண்டு அது எப்படியாவது உங்கள் வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் கேபிளை மாற்றுங்கள். நன்றாக வேலை செய்கிற பக்கத்துக் கணினியின் கேபிளையே கழற்றிச் செருகினால் போதும். பிறகு ஸ்விட்சில் வேறு துளை. இரண்டுக்கும் சரியாகவில்லை என்றால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். நான் போன இடங்களில் "நூறுதான் காட்டுகிறது" என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி செருகிதான். நாற்காலிச் சக்கரம் ஏறிய கேபிள்கள் அடுத்து. ஒரு இடத்தில் யாரோ சிக்கனமாக, ஒரே கேபிளின் நான்கு ஜோடியை இரண்டிரண்டாகப் பிரித்து இரண்டு கணினிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். நூறில் அது அழகாக ஓடும். ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கிப் போட்டுவிட்டு வேகம் வரவில்லை என்று மூன்று கார்டு மாற்றியிருந்தார்கள். எந்தக் கார்டும் கெட்டிருக்கவில்லை. மூன்றையும் நானே கேட்டு வாங்கி வந்து பல வருடம் பயன்படுத்தினேன்.

இன்னொன்று. ஜிகாபிட் வந்த பிறகு கோப்பு நகலெடுக்கும்போது நொடிக்கு 117 மெகாபைட் அளவில் நின்றால் மறுபடி எனக்கு எழுதாதீர்கள். ஆயிரம் மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 125. அதில் தலை, வால், இடைவெளிகளுக்குப் போக மீதி அவ்வளவுதான்.

கேள்வி: ஒவ்வொரு கார்டுக்கும் உலகத்தில் வேறு எதற்கும் இல்லாத மேக் முகவரி உண்டு என்கிறார்கள். என் ஃபோனில் அது வீட்டில் ஒன்றாகவும் அலுவலகத்தில் வேறாகவும் இருக்கிறதே? (ஒரு வாசகர்)

பதில்: இரண்டும் உண்மை. மேக் முகவரி என்பது 48 பிட். எழுதும்போது இரண்டிரண்டாகப் பன்னிரண்டு குறிகள். முதல் பாதியைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஐ.இ.இ.இ. என்கிற பொறியாளர் அமைப்பு ஒதுக்கித் தரும், மறுபாதியை நிறுவனம் வரிசையாகப் போட்டுக்கொள்ளும். ஒரு ஒதுக்கீட்டில் 1,67,77,216 கார்டுகளுக்குப் பெயர் வைக்கலாம். தீர்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த எண் கல்லில் வெட்டிய எழுத்து இல்லை. கார்டு தன் சிப்பில் பதிந்திருப்பதைத்தான் முதலில் சொல்லும், இயங்குதளம் "இன்று இந்தப் பெயரில் இரு" என்றால் கேட்டுக்கொள்ளும். ஒரே எண்ணுடன் ஊரெல்லாம் சுற்றினால், போகிற இடமெல்லாம் வைஃபை வைத்திருப்பவர்கள் உங்களைத் தடம் பிடிக்கலாம். அதனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கின்றன. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பிறவிப் பெயர் இல்லை, வைத்துக்கொண்ட பெயர்.

பெயர் இரட்டித்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை அனுபவித்தேன். ஒரே பெட்டிக்குள் பல கற்பனைக் கணினிகளை ஓட்டும் வசதி வந்த புதிது. ஒன்றைத் தயார் செய்து அப்படியே நகல் எடுத்து இன்னொரு சர்வரில் வைத்துவிட்டார் என்னோடு வேலை பார்த்த இளைஞர். மேக் முகவரியும் சேர்ந்து நகலாகிவிட்டது. ஸ்விட்ச் எந்தப் பெயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும். இங்கே ஒரே பெயர் இரண்டு துளைகளிலிருந்து பேசுகிறது. யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் எல்லாம் போகும், அடுத்த நொடி மற்றவர் பக்கம். இரண்டும் பாதி பாதி வேலை செய்தன. முழுசாகச் செத்துப்போனால் கண்டுபிடிப்பது சுலபம், பாதி உயிரோடு இருப்பதுதான் உயிரை எடுக்கும். ஒன்றரை நாள் போயிற்று. கார்டையும் மாற்றிப் பார்த்தார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

கேள்வி: 127.0.0.1க்கு பிங் கொடுத்தேன், பதில் வந்தது. ஆகவே கார்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். என் மேலாளர் சிரித்துவிட்டார். ஏன்? (வேலைக்குப் புதியவர்)

பதில்: பிங் என்பது ஒரு முகவரியைக் கூப்பிட்டு "இருக்கிறாயா" என்று கேட்கும் சோதனை. ஆனால் அந்த முகவரிக்கு அனுப்புவது கார்டு வரை போகாது. இயங்குதளம் தனக்குத்தானே சொல்லித் தானே கேட்டுக்கொள்கிறது. கார்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுச் செய்தாலும் பதில் வரும். வெளியில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு, ரவுட்டருக்காவது, பிங் கொடுத்துப் பதில் வந்தால்தான் கார்டு பேசுகிறது என்று அர்த்தம்.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கிறது, கார்டு கெட்டுவிட்டதா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். முகவரி கொடுக்கவேண்டியவர் பதில் சொல்லாததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது, அவ்வளவே. ரவுட்டர் பக்கம் போய்ப் பாருங்கள்.

உங்கள் மேலாளரும் ஒரு நாள் இதே தவறைச் செய்தவராகத்தான் இருப்பார். நான் செய்திருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் வேலைக்கு வந்த காலத்தில் லேன் கார்டு எப்படி இருந்தது? ஈதர்நெட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, கிழவனிடம் பழங்கதை கேட்டுவிட்டீர்கள். பக்கம் போதாது.

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் சொன்ன கம்பி, ஃப்ரேம் ஏற்பாடு முழுவதற்கும் ஈதர்நெட் என்றுதான் பெயர். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். கணினிகளை ஒரே கேபிளில் கோத்து, யார் வேண்டுமானாலும் பேசலாம், எல்லோரும் கேட்கலாம் என்ற ஏற்பாடு. ஹவாய் பல்கலைக்கழகத்தில் ரேடியோ அலை மூலம் கணினிகளை இணைத்திருந்த அலோஹாநெட் அதற்கு முன்மாதிரி. ஒளி பரவ விண்வெளி முழுக்க ஈதர் என்ற ஊடகம் இருப்பதாகப் பழைய இயற்பியலாளர்கள் நம்பினார்கள் அல்லவா, அந்தப் பெயரைக் கேபிளுக்குச் சூட்டினார். இயற்பியலில் ஈதர் இல்லையென்று ஆகிவிட்டது, கணினியில் நிலைத்துவிட்டது. மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் செய்த முதல் ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். பின்னால் மெட்காஃப் 3காம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1982இல் ஐபிஎம் பீசிக்கான கார்டைக் கொண்டுவந்தார்.

நான் கையில் தொட்ட முதல் கார்டு என்இ2000 வகை. கறுப்பு வட்டக் கேபிள், டி வடிவச் செருகி, வரிசையாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு. இப்படி 185 மீட்டர் வரை, 30 கணினி வரை கோக்கலாம். இரண்டு கடைசியிலும் 50 ஓம் தடை வைத்த சிறு மூடி கட்டாயம். அது இல்லையென்றால் கம்பியின் முனையில் போய் மோதிய அலை எதிரொலியாகத் திரும்பி வந்து எல்லார் பேச்சையும் குழப்பிவிடும், முப்பது கணினியும் ஒன்றாகப் படுத்துவிடும். ஒரு அலுவலகத்தில் மேசையை நகர்த்துவதற்காக அந்த மூடியைக் கழற்றிய ஒருவர், பத்திரமாக இருக்கட்டும் என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரவு பதினொன்று வரை நான் ஒவ்வொரு கணினியாகக் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கார்டின் மேல் பழி போட்டதில் முதல் ஆள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்போதெல்லாம் எல்லாரும் ஒரே கம்பியில் பேசுவதால் கார்டு முதலில் காது கொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் பேசும். அதே நொடியில் இன்னொருவரும் ஆரம்பித்துவிட்டால் இருவரும் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு குத்துமதிப்பான நேரம் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். மறுபடி மோதினால் காத்திருப்பு இன்னும் நீளும். பதினாறு தடவை பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். ஸ்விட்ச் வந்து ஆளுக்கொரு தனிக் கம்பி ஆன பிறகு இந்த மரியாதையெல்லாம் தேவையில்லாமல் போய்விட்டது.

அப்புறம் ஜம்பர். கார்டு எந்த எண்ணில் பிராசசரைத் தட்டி எழுப்பவேண்டும் என்பதை அரிசி அளவுப் பிளாஸ்டிக் மூடியைக் கம்பிகளில் செருகி நாமே தீர்மானிக்க வேண்டும். என்இ2000 கார்டுகள் வழக்கமாக 3ஆம் எண்ணில் வரும். இரண்டாவது சீரியல் போர்ட்டும் அதே எண். அதில் மவுஸ் மாட்டியிருந்தால் முடிந்தது கதை, நெட்வொர்க் டிரைவர் ஏறியதும் மவுஸ் உறைந்துவிடும். மவுஸை அசைத்தால் நெட்வொர்க் விழும் கணினியைக்கூட நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கார்டில் எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் லேன் துளையில் விளக்கு மினுக்குகிறது. ஆபத்தா? (ஒரு வாசகி)

பதில்: இல்லை. கணினி தூங்குகிறது, கார்டு ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது. தொலைவிலிருந்து கணினியை எழுப்பும் வசதிக்காக மதர்போர்டு அதற்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் விட்டு வைக்கும். எழுப்பும் மந்திரம் விசித்திரமானது: எல்லா பிட்டும் 1 ஆக உள்ள 6 பைட், அதைத் தொடர்ந்து அந்தக் கார்டின் மேக் முகவரி பதினாறு முறை. மொத்தம் 102 பைட். தற்செயலாக இப்படியொரு தகவல் வந்துவிடாது என்பதற்காக அத்தனை முறை. கார்டு இதைக் கண்டால் மதர்போர்டை உலுக்கி எழுப்பும். இதற்குப் பெரிய வேகம் வேண்டாமென்பதால் தூங்கும்போது பல கார்டுகள் இணைப்பைக் குறைந்த வேகத்துக்கு இறக்கிக்கொள்ளும், விளக்கின் நிறம் மாறுவதும் அதனால் இருக்கலாம். வேண்டாமென்றால் கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புப் பக்கத்தில் அணைத்துவிடலாம்.

கேள்வி: என் கார்டு அடுத்தவர்களுக்கு வரும் தகவலையும் படிக்க முடியுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்: பெயர் வேண்டாம் என்றதிலேயே புரிகிறது. முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுவாரசியம் இருக்காது. "யார் பெயரில் வந்தாலும் தூக்கிப் போடாதே, எல்லாவற்றையும் கொடு" என்று கார்டுக்குச் சொல்லலாம். வயர்ஷார்க் போன்ற மென்பொருள் அப்படித்தான் செய்கிறது, கோளாறு கண்டுபிடிக்க எனக்கு அது இல்லாமல் முடியாது. பழைய வட்டக் கேபிள் காலத்தில் அறை முழுக்கப் பேசுவது காதில் விழுந்தது. இன்று ஸ்விட்ச் உங்களுக்கு வரவேண்டியதை மட்டும்தான் உங்கள் கம்பியில் அனுப்புகிறது. மீறி ஏதாவது கிடைத்தாலும் பெரும்பாலும் பூட்டுப் போட்ட தகவலாகத்தான் இருக்கும். அனுமதி இல்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு? (பலர்)

பதில்: வைஃபைக்கும் உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டுதான் இருக்கிறது. மேக் முகவரி, சரிபார்ப்பு, தனக்கில்லாததைத் தூக்கிப் போடுவது எல்லாம் உண்டு. வித்தியாசம் காற்று. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பேச முடியும், அடுத்த வீட்டு வைஃபையும் சேர்த்து. நான் சொன்ன பழைய வட்டக் கேபிளின் மரியாதையெல்லாம் அங்கே இன்னும் நடக்கிறது. நடமாடுகிற பொருளுக்கு வைஃபை, ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிற பொருளுக்குக் கம்பி. என் வீட்டில் மேசைக் கணினிக்கு வைஃபையே கிடையாது, பிடிவாதம் என்கிறார்கள்.

கேள்வி: எப்போதும் கார்டுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். உண்மையிலேயே கெட்டுப்போன கார்டை நீங்கள் பார்த்ததே இல்லையா? (ஒரு பழைய வாசகர்)

பதில்: பார்த்திருக்கிறேன், ஏன் இல்லை. மின்னலுக்குப் பலியானவை பல. துளைக்குப் பின்னால் சின்ன மின்மாற்றிகள் இருக்கும், கம்பிக்கும் கணினிக்கும் நேரடித் தொடர்பில்லாமல் காப்பதற்கு. 1500 வோல்ட் வரை தாங்கவேண்டும் என்பது விதி. பக்கத்தில் இடி விழுந்தால் அதெல்லாம் எந்த மூலைக்கு. அப்படிப் போனவை சத்தமில்லாமல் போகும், விளக்கே எரியாது, மாற்றிவிட்டால் தீர்ந்தது.

என்னை முட்டாளாக்கியது ஒன்றே ஒன்றுதான். வட்டக் கேபிள் அலுவலகம், இருபது கணினி. தினமும் காலை பத்தரைக்கு நெட்வொர்க் தள்ளாட ஆரம்பிக்கும், மாலை ஐந்துக்குச் சரியாகிவிடும். மூன்று நாள் போனேன். புகார் கொடுத்த பத்தொன்பது பேருடைய கணினியையும் பார்த்தேன், மூடிகளைப் பார்த்தேன், செருகிகளை மாற்றினேன். புகார் கொடுக்காத இருபதாவது ஆள் மூலையில் உட்கார்ந்து கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எல்லாம் அவர் கணினியிலேயே, நெட்வொர்க் அவருக்குத் தேவையே இல்லை. நான்காம் நாள் பகல் பதினொன்றுக்கு டி செருகிகளை ஒவ்வொன்றாகக் கார்டிலிருந்து கழற்றிக்கொண்டே வந்து கடைசியாக அவருடையதைக் கழற்றியதும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவருடைய கார்டு, கணினி போட்டது முதல் அணைக்கும் வரை, அர்த்தமில்லாத ஃப்ரேம்களைக் கேபிளில் கக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னுடையது நல்லாத்தானே இருக்கு சார்?" என்றார்.